மாமியின் செடியும் ஒரு புழுவும்

அடையாற்றில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. இடம் எல்லோருக்கும் பொது. செடி மட்டும் கீழ்வீட்டு மாமியுடையது. ஒரு நாள் காலை அவர் பறித்துத் தந்த கொத்தில் குருவி எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடலாம் என்று விரலை வைத்தேன். எச்சம் நகர்ந்தது.

"ஐயய்யோ, கம்பளிப்பூச்சிடி! உடம்பெல்லாம் தடிச்சுடும். மதிலுக்கு அந்தண்ட தூக்கிப் போடு!" என்றார் மாமி.

மயிரே இல்லாத கம்பளிப்பூச்சியா? போட மனம் வரவில்லை. ஸ்வீட் டப்பா ஒன்றில் கொத்தோடு வைத்து, மூடியில் ஓட்டை போட்டேன். சில நாளில் தோலை உரித்துக்கொண்டு பச்சையாகிவிட்டது. ஈர்க்குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டிக் கோபப்பட்டது. அந்தக் கொம்பை வைத்துத்தான் செல்போனில் தேடிக் கண்டுபிடித்தேன். கறிவேப்பிலை அழகி என்ற கருப்புப் பட்டாம்பூச்சியின் புழு. பெயர் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

தாளிக்க வேண்டும் என்று சொல்லித் தினமும் மாமியிடம் ஒரு கொத்து வாங்கினேன். "உங்காத்துல கறிவேப்பிலையேதான் சாப்பாடா?" என்று அவர் கேட்ட அன்று கூச்சமாகப் போய்விட்டது. மறுநாள் தள்ளுவண்டிக்காரர் காயோடு கொசுறாகத் தந்ததைக் கழுவிப் போட்டேன்.

"இன்னாக்கா, ஆடு கீடு வளக்குறியா? இன்னொரு கொத்து கேக்குற?" என்று தரும்போதே அவர் வேறு சிரித்தார்.

சாயங்காலம் பார்த்தால் புழு பச்சையாகக் கக்கிவிட்டுத் துவண்டு கிடந்தது. கடை இலைக்கு மருந்து அடித்திருப்பார்கள். கழுவினால் போயிற்று என்பது நம் சமையலறைக் கணக்கு. புழுவுக்கு அது செல்லாது.

டப்பாவோடு கீழே ஓடினேன். மாமி அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு வந்தார். எல்லாவற்றையும் சொல்லி ஒரு கொத்து கேட்டேன்.

"தினம் வாங்கிண்டு போனதெல்லாம் இதுக்கா? உங்காத்துக்காரர் இளைச்சுண்டே போறாரேன்னு பார்த்தேன்!" என்றவர், குரலை இறக்கினார். "விளக்கு வெச்சாச்சேடி. செடி தூங்கறது. இப்போ கிள்ளப்படாது."

"காலைல வரைக்கும் தாங்காது மாமி."

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். புழு அசையவில்லை. மாமி உள்ளே போய் டார்ச்சோடு வந்தார்.

"கிள்ளத்தானே கூடாது? கொண்டுபோய்ச் செடிமேலயே விடு. அது தின்னா அது பாடு. நாம பறிக்கலையே."

அவர் டார்ச் பிடிக்க, நான் ஒரு தளிரின்மேல் விட்டேன். பின்னங்கால்களால் மட்டும் பற்றிக்கொண்டு தொங்கியது. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் காபி கலக்கும்போது கீழிருந்து சத்தம்: "ஏய், சீக்கிரம் வாடி! நுனியெல்லாம் மொட்டை!"

இறங்கிப் போனேன். புழு ஒரு தளிரை ஓரத்திலிருந்து அரைவட்டமாகக் கடித்துக்கொண்டிருந்தது. மாமி குருவி கொத்தாமலிருக்கப் பழைய கொசுவலையைச் செடிமேல் போர்த்திக்கொண்டிருந்தார்.

"ரசத்துக்கு நான் வண்டியில வாங்கிக்கறேன்," என்றார், வலையை இழுத்து விட்டபடி. "இது அதுக்கே இருக்கட்டும்."