தங்கமாட்டம் நெறம்

தர்மபுரி தனி மாவட்டமான சமயம், பாப்பாரப்பட்டியில் எனக்கு மகள் பிறந்தாள். வழக்கப்படி மாமியார் தினமும் குழந்தைக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “தங்கமாட்டம் நெறம்” என்றார்கள். பால் குடிக்காமல் தூங்கியதைக்கூடச் சமத்து என்றார்கள்.

பிறந்த குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. ஆனால் ஆஸ்பத்திரி ஜீப்புக்குப் பெட்ரோல் போடப் பணம் வரவில்லையாம். நர்சம்மா வெயிலில் நடந்தே வந்தார். ஜன்னல் இல்லாத அறையில் குழந்தையின் கன்னத்தைப் பார்த்து, “இது மஞ்சப் பூசினதுங்களா?” என்று கேட்டார்.

“வேறென்னங்க, நான்தான் பூசுனேன்” என்றார் மாமியார். அடுத்த ஊருக்கும் நடக்க வேண்டியிருந்ததால் நர்சம்மா கிளம்பிவிட்டார்.

அந்த வாரமே குழந்தை வில்லாக வளைந்து வீறிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். மஞ்சள் போகவில்லை. காமாலை முற்றியிருந்தது. “உசுரு தங்கிரும்மா. காது கேக்காமப் போகலாம்” என்றார். அப்படியே ஆயிற்று.

இப்போது தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் நான் போய் வெறும் தண்ணீரில் துடைத்து, வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, கண்ணின் வெள்ளையைப் பார்க்கிறேன்.

மாமியார் மாறவில்லை. கூப்பிட்டும் திரும்பாத என் மகளைக் காட்டி, “நெறம் இருக்குதுன்னு திமிரப் பாருங்க” என்கிறார்.