பேராசிரியருக்கு வராத வார்த்தை

பேராசிரியர் வீபுஷ் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று. பக்கத்து வீட்டு ஹன்னே கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தன் சின்னக் கத்தியைக் கொடுத்தாள்.

"பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த ஆளு பண்ற வேலையா இது?"

"மன்னிச்சிடுங்க, லூடர்ஸ் அம்மா."

"ஹன்னேன்னு கூப்பிடு. நீன்னு சொல்லு. கட்சிக்குள்ள எல்லாரும் அப்படித்தான். இன்னைக்குச் சாயங்காலம் ஓட்டு, தெரியுமில்ல?"

ஊருக்கு வந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்ற கோபத்தில் கட்சியில் சேர்ந்தவர் பேராசிரியர். இப்போது மாநிலச் சட்டசபைக்கு வேட்பாளராக நிற்க ஆசை. அதற்கு ஊர்க் கட்சிக் கிளைக்காரர்கள் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும். அவர்களோ, இவர் எல்லாரையும் 'நீங்க' என்பதால் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்தார்கள். தலைக்கனமெல்லாம் இல்லை. வளர்த்த நாயையே "உட்காருங்க, ஃபீட்டெ" என்பவர். அவர் மனைவி படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவள் ஹன்னே. அவளுக்கும் 'நீங்க'தான்.

"எங்க, சொல்லு பாப்போம்."

"நீ..." என்றவர் காது வரைக்கும் சிவந்து, "...ங்க" என்று முடித்தார்.

"உருப்பட்ட மாதிரிதான்!"

சாயங்காலம் கட்சிக் கூட்டத்தில் உருளைக்கிழங்கு சாலட் காலியான பிறகு பால்பண்ணைக்கார டெட்லெஃப் எழுந்தான்.

"நீ ஜெயிச்சா ரயில் திரும்ப வருமாய்யா?"

ஹன்னே மேஜைக்கு அடியில் பேராசிரியர் காலை மிதித்தாள். வருமென்று சொன்னால் போதும், ஜெயித்துவிடுவார்.

"வராதுங்க. தண்டவாளத்தையே பேர்த்துட்டாங்க. காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதுக்கு வேணா நான் சண்டை போடுறேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

போச்சு என்று ஹன்னே தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"நீ, வான்னு தோள்ல கை போட்டவன் எல்லாம் ரயில் வரும்னான்," என்றான் டெட்லெஃப். "இந்த மனுஷன் நீங்க, வாங்கன்னு சொல்லி வராதுங்கிறார். நான் இவருக்குத்தான் கை தூக்குவேன்."

முதலில் அவன் கை, பிறகு அவன் மேஜைக்காரர்கள் கை. மூன்று பேர் தவிர எல்லாரும் தூக்கினார்கள்.

மறுநாள் காலை பேராசிரியர் நாயோடு ஹன்னேயின் வாசலில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஹன்னே, இந்தா உன் கத்தி."

அவள் வாங்கிக்கொண்டாள். அதற்குமேல் அங்கே நிற்க அவருக்குத் தைரியமில்லை. நாயைப் பார்த்துத் திரும்பினார்.

"வாங்க, ஃபீட்டெ. போகலாம்."