மரத்துப்போன மதியம்

தெருவில் அவனுக்கு அரை டாக்டர் என்று பெயர். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. நாற்காலியைச் சாய்ப்பது, விளக்கைத் திருப்புவது, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயோரம் பிடிப்பது, ஊசிக்கு முன்னால் மரத்துப்போக வைக்கும் ஜெல்லைப் பஞ்சில் தொட்டு ஈறில் தடவுவது எல்லாம் அவன் பொறுப்பு. டாக்டரம்மா கருவியைக் கையில் எடுத்ததும் பெரிய பெரிய மீசைக்காரர்கள்கூட இவன் கையைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள்.

"வாய் கோணிக்கிச்சா தம்பி?"

"கோணல சார். மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான். அரை மணி நேரத்துல சரியாயிடும், பயப்படாதீங்க."

ஒரே ராகம், ஒரே இழுவை. பஸ் நிலையத்து ஒலிபெருக்கி தோற்றது போங்கள்.

ஊரார் பயத்தையெல்லாம் தெளிவிக்கிற இந்த ஆளுக்கு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகத்தான் பயம்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மனைவி செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். காலைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடும் வாயாடி. அந்த வாய் படுக்கையில் மட்டும் மூடிக்கொள்ளும். தொட்டதும், தொடங்குவதற்குள்ளேயே, இவனுக்கு விந்து வெளியேறிவிடும். "சாரிம்மா" என்பான். "பரவால்ல" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. போதாக்குறைக்கு, இப்போதெல்லாம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுடன் போனில் குசுகுசுவென்று பேசுகிறாள். என்றைக்காவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

டாக்டரிடம் போகலாமே? வெட்கம். அதற்குப் பதில் ஆஸ்பத்திரிக் கழிவறையில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ பார்த்தான். அதில் ஒரு தாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார்: "அன்பரே! இளமையில் செய்த தவறால் நரம்பு தளர்ந்து, நாடி ஒடுங்கி, நடைப்பிணமாய் நிற்கிறீரா?"

"ஆமாங்கய்யா" என்று போனுக்கே பதில் சொல்லிவிட்டான்.

அன்றைக்குத்தான் ஜெல் ஞாபகம் வந்தது. ஈறை மரத்துப்போக வைப்பது மற்றதையும் வைக்காதா? ஸ்ட்ராபெரி வாசனை வரும் அரைக் குழாய் ஜெல் அவன் சட்டைப்பையில் வீடு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். குளியலறைக்குள் போய்த் தாராளமாகத் தடவிக்கொண்டான். எவ்வளவு தடவ வேண்டும், துடைக்க வேண்டுமா, ஆணுறை போட வேண்டுமா என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? விரலைத் துண்டில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்து, ஆசையாக அவள் உதட்டைத் தடவினான்.

நேரம் நீண்டது உண்மைதான். ஆனால் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கட்டிலின் மரக்காலுக்கு என்ன தெரியுமோ அதுதான் தெரிந்தது. அதற்குள் அவள் அவனைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, என் உதடு எங்க?"

"இருக்கேம்மா."

"தொட்டா தெரியல. கீழயும்... கீழயும் ஒண்ணுமே தெரியல. செத்த சதை மாதிரி இருக்கு."

கண்ணாடிக்கு ஓடினாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் அம்மா பக்கவாதத்தில் படுத்து ரெண்டு வருஷமாகிறது.

"அம்மாவுக்கும் இப்படித்தான் உதட்டுல ஆரம்பிச்சுது. அப்புறம் ஒரு பக்கமே விழுந்துடுச்சு. வாய் கோணுதா பாருங்க! கையத் தூக்குறேன், ரெண்டும் சமமா இருக்கா? ஐயோ, வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

காரணம் ஜெல்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் பயத்திலேயே விழுந்துவிடுவாள். அவள் போனை எடுத்து, "அண்ணா, வண்டிய எடுத்துட்டு உடனே..." என்று தொடங்கினாள். அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கோணல. மரத்துப்போயிருக்கு, அவ்வளவுதான். அரை மணி நேரத்துல சரியாயிடும், பயப்படாதீங்க."

அவள் போனை மெல்லக் கீழே இறக்கினாள். "அப்புறம் பேசுறேண்ணா." வைத்துவிட்டாள். "அரை மணி நேரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் குளியலறைக்குப் போய் ஜெல் குழாயை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். முகர்ந்தாள். படித்தாள். ஜெல்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் உடம்புல மருந்து போட்டீங்களா?"

"என் மேலதான் போட்டேன்..."

"ரெண்டும் ஒண்ணுதான்! இப்போ நான் செத்தேன்னு நெனச்சேன், தெரியுமா? எதுக்கு இந்த வேலை?"

"நீ போயிடுவேன்னுதான்."

"எங்க போவேன்?"

"உங்கம்மா வீட்டுக்கு. கதவச் சாத்திக்கிட்டு பேசுறியே."

"அம்மாவுக்கு நாலு நாளா வெளிக்கிப் போகல. அத வாசல்ல நின்னு ஒப்பிக்கணுமா?" மரத்த உதட்டால் அழவும் சரியாக வரவில்லை அவளுக்கு. "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என்னைப் புடிக்கல, சீக்கிரம் முடிச்சுட்டு ஓடுறீங்கன்னு நெனச்சேன். வருஷம் பூரா."

கடிகாரத்தைப் பார்த்தபடி இருவரும் கட்டிலின் இரு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். உணர்வு திரும்பி உதடு சுரீரென்றதும் அவள் எழுந்தாள்.

"நாளைக்கு டாக்டரப் பாக்குறோம். நீங்கதான் பேசணும். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டேன்."

மறுநாள், ஆண்களுக்கான மருத்துவரின் அறைக்கு வெளியே, செய்தித்தாளை முகத்துக்கு வேலியாகப் பிடித்த ஆண்களின் வரிசையில் அவனும் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க" என்றார் வழுக்கை டாக்டர்.

"தலைவலி, டாக்டர்."

மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வியர்த்து விறுவிறுத்து, ஒருவழியாக அவன் கொட்டித் தீர்த்தான், ஜெல் உட்பட.

டாக்டர் முகம் ஜெல்லுக்குத்தான் மாறியது. "அது ஈறுக்குன்னு இருக்குற மருந்து. அளவு தெரியாம அள்ளிப் பூசி ரத்தத்துல ஏறினா மயக்கம் வரும், நெஞ்சுத்துடிப்பே தடுமாறும். ரெண்டு பேருக்கும். நல்லவேளை. இந்தப் பிரச்சினை எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே. நரம்பு தளர்ந்துடுச்சா டாக்டர்? போன்ல ஒருத்தர் சொன்னாரு..."

"அவரு சொல்வாரு. லேகியம் விக்கணும்ல? நரம்பெல்லாம் தளரல. பல பேருக்கு இருக்குறதுதான். சிலருக்கு உடம்பே அப்படி. சிலருக்குப் பயம், அவசரம். தைராய்டு, புராஸ்டேட் கோளாறாலகூட வரும், அதைச் சோதிச்சுப் பாத்துடலாம். பயந்தா இன்னும் சீக்கிரம் வரும். சீக்கிரம் வந்தா இன்னும் பயம். அந்தச் சுழல்லதான் மாட்டியிருக்கீங்க."

"மருந்து?"

"மாத்திரை இருக்கு. இதுக்குன்னே க்ரீமும் இருக்கு. கொஞ்சமா போட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுத் துடைச்சுட்டு, உறை போட்டுக்கணும். அதைச் சோதனை முடிவு வந்ததும் பேசலாம். இப்போதைக்கு ஒரு பயிற்சி. வரப்போகுதுன்னு தோணும்போதே 'நிறுத்து'ன்னு சொல்லணும். அவங்க நிறுத்தணும். அடங்கினதும் மறுபடி. அவசரமே கிடையாது."

"கண்டிப்பா சரியாயிடுமா?"

"நிறைய பேருக்கு ஆகுது. ஆனா நாள் பிடிக்கும்."

கண்டிப்பாக என்று அவர் சொல்லாதது வழியெல்லாம் அவன் காதில் ரீங்கரித்தது. அடுத்த ஞாயிறு வந்தது. எதுவும் ஆரம்பிக்கவே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஆரம்பித்தார்கள். உடம்பு வழக்கம்போல் விளிம்புக்கு ஓடியது.

"நிறுத்து!"

பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே கத்திவிட்டான். மாடி வீட்டில் யாரோ கட்டில் நகர்த்திக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். "அவங்களும் நிறுத்திட்டாங்க."

"சிரிக்காத. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். நான் எங்கயும் போகல."

நம்பினானா என்றால், பாதி நம்பினான். மீதிக்கு இன்னும் பயந்தபடியே, அடங்குவதற்காகக் காத்திருந்தான்.