தபால் பையில் என் வீடு

ஊட்டி பெர்ன்ஹில்லில் நான் இருபது வருடமாகக் குடியிருப்பது தாத்தா வாங்கிய வீடு. பத்திரம் மட்டும் கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா பெயரில். அவர் அதை ஏதோ டிரஸ்டுக்கு எழுதிவிட்டார் என்று ஒரு பங்காளி போனில் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. இந்தக் குளிரில் வியர்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"பத்திரத்தைப் படிச்சீங்களா?" என்றார் வக்கீல்.

"படிக்க என்னங்க இருக்கு? ஊடே போச்சு. டிரஸ்டு மேல கேஸ் போடுங்க."

டிரஸ்டுக்கு எழுதிய பத்திரத்தின் நகலுக்கு விண்ணப்பித்தேன். ஆனால் அது வரும்வரை பொறுக்காமல், வக்கீலை அவசரப்படுத்திச் சித்தப்பாவுக்கு எழுதி வாங்கிய நோட்டீஸை நானே பதிவுத் தபாலில் அனுப்பினேன். அன்று மதியமே நகல் வந்தது.

வக்கீல் நிதானமாகப் படித்தார். "ஆயுசுக்கும் நீங்க அங்கயே இருக்கலாம்னு எழுதியிருக்காருங்க. ஆனா, எப்ப வேணும்னாலும் இதை ரத்து பண்ற உரிமையையும் அவரே வெச்சிருக்காரு. உங்க நோட்டீஸைப் பார்த்தா என்ன பண்ணுவாரு?"

சித்தப்பாவின் கோபம் எனக்குத் தெரியும். குடையை மறந்துவிட்டுத் தபால் நிலையத்துக்கு ஓடினேன்.

"பை இன்னும் மலை எறங்கலைங்க," என்றார் ஊழியர். "எதுக்குத் திருப்பிக் கேக்கறீங்க?"

"அனுப்புனவனுக்குப் புத்தி சரியில்லைங்க."

தபாலைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தில் அப்படி எழுத வேண்டாம் என்று அவரே சொன்னார். நோட்டீஸ் என் கைக்கே திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் நான் பத்திரத்தைப் படித்த பிறகுதான் பயப்படுகிறேன். ஞாயிறுதோறும் சித்தப்பாவைப் போனில் நலம் விசாரிக்கிறேன்.

"ஏண்டா, ஊடு ஒழுகுதா?" என்கிறார் ஒவ்வொரு முறையும்.