எனக்கு மட்டும் ஏன் வரலை?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், கோடை லீவு சமயம். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்தடுத்து ரெண்டு ஆபரேஷன். முதலில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி. அது ஆறுவதற்குள் தைராய்டிலும் ஒன்று, அது புற்று. ரெண்டும் ஒரே நோய்தான், அபூர்வமாகச் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் என்றார் டாக்டர்.

"ஏனுங்க டாக்டர், அப்போ என்ற பொண்ணுங்களுக்கு?" என்றேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

ரிசல்ட் வந்தது. காலேஜில் படிக்கும் பெரியவளுக்கு அந்தப் பரம்பரைக் கோளாறு இருந்தது. எட்டாவது படிக்கும் சின்னவளுக்கு இல்லை. பெரியவளுக்குப் புற்று வந்துவிடுவதற்கு முன்பே தைராய்டை எடுத்துவிடணும், பிறகு ஆயுசுக்கும் மாத்திரை என்றார்கள். அவள் அமைதியாக, "சரிங்க டாக்டர்" என்றாள்.

கார் போத்தனூர் வரும்போது, இவளாவது தப்பித்தாளே என்று சின்னவளை அணைத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் ரூமுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். பயந்துவிட்டாளோ என்று பின்னாலேயே போனேன். அக்கா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் ஏங்க்கா வரலை? நீயும் அம்மாவும் ஒண்ணா ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. நான் தனியா இருக்கோணுமா?"

நாங்கள் எல்லோரும் அவளை நினைத்து நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"அடி லூசு," என்றாள் பெரியவள். "ஒருத்திக்குத்தான் வரும்னா அது எனக்கே வரட்டும்னு எத்தனை கும்பிட்டிருக்கேன் தெரியுமா? நீ என்னடான்னா அழுதுட்டு இருக்கே."

எனக்குத் தாங்கவில்லை. "என்னாலதானே கண்ணு" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்கு வந்ததாலதானேம்மா எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது? எந்திரிங்க, பசிக்குது" என்றாள்.

பெரியவளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த சுரப்பியைப் பரிசோதித்ததில், கண்ணுக்குத் தெரியாத அளவில் புற்று ஆரம்பித்திருந்ததாம். சரியான சமயத்தில் எடுத்துவிட்டோம், இனி வருஷா வருஷம் செக்கப்புக்கு வந்தால் போதும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் சின்னவள் அக்காவின் கட்டிலிலேயே ஏறி, அவள் கழுத்துப் பேண்டேஜில் படாமல் ஒண்டிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் சொல்லியும் இறங்கவில்லை.

என் ரத்தம் மூத்தவளுக்கு இதையா கொடுக்கணும் என்று இன்றைக்கும் சில நாள் மனசு கனத்துப்போகும். அப்போதெல்லாம் அன்றைக்கு வீட்டு ரூமில் அவர்கள் இருவரும் இருந்த இருப்பை நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பாசமும் என் ரத்தத்தில் இருந்துதான் வந்திருக்கும் என்று நம்புவதில் எனக்கு ஒரு ஆறுதல்.