முள் என்று நினைத்தது

முதலில் மீன்முள் என்றுதான் நினைத்தேன். ஆற்றில் பிடித்த செம்பிலாங் மீனைக் குழம்பு வைத்த மறுநாள் சோறு நெஞ்சுக்குள் நின்றது. எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: சோற்றை உருட்டி, மெல்லாமல் விழுங்கினால் முள் இறங்கிவிடும். பாலெடுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு வந்து தினமும் உருட்டி உருட்டி விழுங்கினேன். முள் இறங்கவில்லை; என் எடைதான் இறங்கியது. கஞ்சியும் திரும்பி வந்தபோது கணவர் முனியாண்டி என்னைக் கோலாலம்பூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

எண்டோஸ்கோப்பி (நுனியில் விளக்குள்ள குழாயை வாய்வழியே விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். முள்ளே இல்லை. உணவுக்குழாயில் புற்றுநோய். இதைப் படிக்கும் உங்களுக்கும் விழுங்கும்போது அடைத்தால், தயவுசெய்து சோற்றை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

"மாத்திரையில கரைக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டேன். அறுவை மருத்துவர் நம் தமிழ்ப் பிள்ளை.

"ஒவ்வொரு உயிரணுவோட தோல்லயும் சின்னச் சின்னக் கதவு இருக்கும்மா" என்று, அயனிக் கால்வாய்கள் (உப்பும் சுண்ணாம்புச் சத்தும் உயிரணுவுக்குள் போய்வரும் வழிகள்) பற்றிச் சொன்னார். "நீங்க சாப்பிடற பிரஷர் மாத்திரை அதுல ஒரு கதவத்தான் மூடுது. புற்றுநோய் பெருகறதுக்கும் அந்த மாதிரிக் கதவு வேணுமோன்னு வெளிநாட்டுல தேடிக்கிட்டு இருக்காங்க. ஆனா இன்னிக்கு என் கையில அந்த மருந்து இல்ல. கத்திதான் இருக்கு."

"கதவ மூடத் தெரியலன்னு வீட்டையே இடிப்பீங்களா?"

"ஒரு சுவர் மட்டும்தான் லா."

முனியாண்டி வராந்தாவில் போய் அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் நான் சாவதா? "வெட்டுங்க டாக்டர்" என்றேன்.

கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், மூச்சு விடவே பயமாக இருந்தது. முதல் கரண்டித் தண்ணீர் வாய்வழியே இறங்கிய அன்று, "போயிருச்சு!" என்று வார்டே கேட்கும்படி கத்தினேன். தாதி அதட்டினாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

இப்போது என் வயிறு நெஞ்சில் இருக்கிறது. குனிந்தால் புளிப்பு மேலேறுகிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறேன். பால்வாளியோடு ஓடிய எனக்கு, ஒரு இட்லி சாப்பிடக் காலைப்பொழுதே வேண்டியிருக்கிறது.

மகள் கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது என்பது எங்கள் வழக்கம். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர், சாப்பிட்ட கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"எழுந்திரிச்சிரலாங்களா சம்பந்தி?" என்று மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார்.

"இன்னும் பாயாசம் இருக்குங்க" என்றேன்.

விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஒருநாள்கூடப் பிந்தாதவள் நான். யாரையும் காக்க வைத்ததில்லை. அன்று எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒரு கரண்டி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு கரண்டி. கடைசிச் சொட்டும் இறங்கியது. நான் இலையை மடித்தேன். பந்தி எழுந்தது.