கண்ணாடிப் பக்கம்

மூத்த நர்ஸ் அம்புஜாட்சி சேச்சியை எங்கள் கொல்லத்து ஆஸ்பத்திரியில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரட்டைப்படை மணி ஆனால் போதும், கையில் சாயா இருந்தாலும் கீழே வைத்துவிட்டு மற்ற நர்ஸுகள் நாங்களும் அவரோடு ஓட வேண்டும். அசைய முடியாத நோயாளிகளை இடப்புறம், மல்லாக்க, வலப்புறம் என்று மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடப்பவரைக்கூட நாலு பேராகப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பார். டாக்டர்கள் பயந்தால், "படுத்தே கிடந்தா எலும்புக்கே எந்திரிக்க மறந்துபோயிடும் சாரே" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பார்த்த ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும்.

ஜூன் மாதம், கேரளத்தின் ஐம்பத்திரண்டு நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம், சுதர்மன் வந்தார். நீண்டகரைத் துறைமுகத்தில் விசைப்படகு வேலை. நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் காலில் தொடங்கி மூச்சு வரை ஏறிவிட்டது. கண்ணையும் இமையையும் தவிர எதுவும் அசையாது. நினைவும் உணர்ச்சியும் மட்டும் தெளிவு.

"தாக்குப்பிடிச்சா, தடை முடிஞ்சு படகு எறங்குறப்ப இவரும் எந்திரிக்க ஆரம்பிச்சிருவாரு" என்றார் டாக்டர்.

மனைவி லதிகா பகல் முழுவதும் கண்ணாடிக்கு வெளியே நிற்பாள். உள்ளே விடக் கூடாது, விதி. இடப்புறம் திருப்பினால் சுதர்மனின் முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கும். இருவரும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். வலப்புறம் திருப்பினால் முகம் சுவர்ப் பக்கம் போய்விடும். உடனே கண்ணாடியைத் தட்டுவாள்.

"சிஸ்டரே, அவரு என்ன குத்தம் பண்ணாரு? சுவத்தப் பாத்துப் போட்டிருக்கீங்க. செத்துப்போயிட்ட மாதிரி இருக்கு எனக்கு."

வேறு யாராவது கேட்டிருந்தால் சேச்சி வறுத்தெடுத்திருப்பார். இவளிடம் மட்டும் மசிந்தார். சேச்சியின் கணவர் வேறொரு ஆஸ்பத்திரியில் உயிர்விட்டபோது, சேச்சி இங்கே யாரையோ திருப்பிக்கொண்டிருந்தார். முதலில் "இன்னும் அரை மணி இருக்கட்டும்" என்றார். பிறகு பகலெல்லாம் இடப்புறம், நடுநடுவே கொஞ்சம் மல்லாக்க என்றாகிவிட்டது.

அது தப்பென்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "என்ன சேச்சி, கடிகாரம் லீவா?" என்று கிண்டல் செய்தேனே தவிர, போய்த் திருப்பவில்லை. சாயாவைச் சூடாகக் குடிக்க முடிகிறதே என்றிருந்தது. இன்று நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒன்பதாம் நாள் உடம்பு துடைக்கும்போது இடது இடுப்பெலும்பின் மேல் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. சேச்சி குனிந்து பார்த்தார்.

"எரிஞ்சுதா?" என்று சுதர்மனிடம் கேட்டார். இமை ஒருமுறை மூடித் திறந்தது. ஆமாம்.

"முன்னாடியே ஏம்ப்பா கண்ணக் காட்டல?"

சுதர்மனின் கண்கள் மெல்லக் கண்ணாடிப் பக்கம் போயின.

அன்றே சேச்சி விதியை மீறினார். சுவர்ப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, வலப்புறம் திருப்பும்போதெல்லாம் லதிகாவை உள்ளே உட்கார வைத்தார். வெறும் ஸ்டூல்! முதல் நாளே தோன்றியிருக்கலாம். ஆனால் காலம் கடந்திருந்தது. புண் கறுத்தது, குழியானது, எலும்பு தெரிந்தது. அவர் விரல்கள் லேசாக அசையத் தொடங்கிய வாரத்தில் புண்ணின் கிருமி ரத்தத்தில் கலந்தது. தடை முடிய நான்கு நாள் இருக்கும்போது சுதர்மன் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து லதிகா வந்தாள். சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு முகத்த எனக்குக் காட்டுனது நீங்க ஒருத்தர்தான். உயிர் உள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்."

பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். சேச்சி சொல்லிவிட்டார்.

"அதனாலதான், லதிகா, புண்ணு வந்துச்சு. அந்தப் புண்ணாலதான் போனாரு."

லதிகா கையை உருவிக்கொண்டாள். "அப்போ, நான் அங்க நின்னதாலயா?"

"இல்ல. நிக்கிறது உன் பாசம். திருப்புறது என் வேல. நான் திருப்பல."

லதிகா படியிறங்கிப் போனாள். மணி இரண்டு. நான்காம் படுக்கைக்காரரைத் திருப்ப வேண்டும். அவருடைய மகள் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தாள். சேச்சி ஸ்டூலை எடுத்துச் சுவர்ப் பக்கம் போட்டார்.

"அந்தப் பொண்ண உள்ள கூப்புடு" என்றார். சாயாவைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.